இரண்டு தீவுகளும் ஒரு தபால் பெட்டியும்

அலுவிகாரையில் என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிலோமி அக்கா, மொரிசியஸ் எப்படி இருந்துச்சு? கடல் அவ்வளவு நீலமாமே?" நீலமாகத்தான் இருந்திருக்கும். பஸ் ஜன்னலில் இரண்டு முறை தெரிந்தது. நான் நின்று நிதானமாகப் பார்த்தது கடலை அல்ல, என் தங்கச்சி வீட்டுக் கேட்டில் மாட்டியிருந்த ஒரு பச்சைத் தகரப் பெட்டியை. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கடலைப் பற்றி வேண்டுமானால் வேறு யாராவது எழுதட்டும்.

தங்கச்சி ரெஜினா இருபது வயதில் மொரிசியஸ் கார்மென்ட் ஃபெக்டரிக்குத் தைக்கப் போனவள். அங்கேயே குமரேன் என்ற தமிழ் வம்சத்துப் பையனைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்று சொல்லி, "ஒரு மாசம் வந்து கூட இரு அக்கா" என்று போனில் அழுதாள். போனேன்.

போனேனே தவிர, மனசு முழுக்க வீட்டில்தான் இருந்தது. மகள் டிலானி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வரவேண்டிய நேரம் அது. பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடிய வயதிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. பக்கத்து வீட்டுச் சமரியும் அவளும் ஒரே வருடம் பரீட்சை எழுதி ஒரே நாளில் விண்ணப்பம் அனுப்பினார்கள். டிலானிக்குத்தான் புள்ளிகள் கூட.

விண்ணப்பத்தில் எழுதிய விலாசத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஏழு வருடமாக அலுவிகாரையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் அதற்கு நம்பர் எடுக்கவும் விடமாட்டார், எங்கள் பேரில் அங்கே கடிதம் வரவும் விடமாட்டார், வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயரைப் போடவும் விடமாட்டார். போட்டால் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வோமாம்! அதனால் அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம் எல்லாம் இன்னும் நாங்கள் பிறந்த தோட்டத்தின் பேரில்தான். யட்டவத்தைக்கு மேலே ஏறிப்போனால் வருகிற ரப்பர் தோட்டம் அது. அரசாங்கத்தைக் கேட்டால் நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம். விண்ணப்பத்திலும் அந்த விலாசம்தான்.

மொரிசியஸில் முதல் நாள் காலை. ரெஜினா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்திருந்தாள். வாசலில் மணி அடித்தது. மோட்டார்சைக்கிளில் வந்த தபால்காரர் ஒருவர் ரெஜினாவின் முழுப்பெயரைச் சொல்லி, கடிதத்தை என் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுபடி எப்போது டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதம். இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்து பழகியிருக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது, ஒரு தபால்காரர் என் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

கேட்டைத் திறந்துகொண்டு போய்ச் சந்து முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு பெட்டி, பெட்டியில் வீட்டு நம்பர். சிலர் பூவெல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். சந்துக்குப் பெயர் புளியமரச் சந்து. மரம் எப்போதோ போய்விட்டது, பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. இது முன்னாடி கரும்புத் தோட்டத்துக் கூலிகள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசை அறைகளில், குடியிருந்த இடம் என்று ரெஜினா சொன்னபோது நான் நம்பவில்லை.

"சும்மா சொல்லாதடி. லயம் எங்க?"

"இடிச்சுட்டாங்க அக்கா. இவரு அப்பா கரும்பு வெட்டுனவருதான். மில்லை மூடுனப்ப ஆளுக்கொரு துண்டு காணி, தண்ணி, கரண்டு, ரோடு எல்லாம் போட்டுக் குடுத்தாங்களாம். வீட்ட அவங்களே கட்டிக்கிட்டாங்க."

அந்தத் தீவையும் ஆண்டது அதே வெள்ளைக்காரன்தான். எங்கள் பாட்டன்மாரைக் கப்பலேற்றி இங்கே இறக்கியது போலத்தான் குமரேனின் பாட்டன்மாரை அங்கே இறக்கினான். ஒருவனுக்குக் கரும்புக் கத்தி, ஒருவனுக்குப் பால்வெட்டுக் கத்தி. அவன் பேரனுக்கு வீட்டு நம்பர் கிடைத்துவிட்டது. என் தம்பி ராயப்பன் இன்னும் ஏழாம் லயத்தில் நாலாம் காம்பராவில், ஒற்றை அறையில், கூரைத் தகரத்துக்கு மேலே கல் வைத்துக்கொண்டு படுக்கிறான்.

இரண்டாம் நாள் ரெஜினா ஒரு படக்கார்டு வாங்கி வரச் சொன்னாள். கடலும் மலையும் போட்ட கார்டு, டிலானிக்கு. பின்பக்கம் நாலு வரி எழுதிவிட்டு விலாசத்தையும் எழுதினேன். குமரேன் எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழில் தெரிந்தது 'அக்கா', 'சாமி', 'சாப்பாடு' மூன்றும்தான். மற்றதெல்லாம் அவர்களுடைய கிரியோல். நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த விலாசத்தைப் படித்துவிட்டு ரெஜினாவிடம் ஏதோ கேட்டான். அவள் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி கேக்குறான்?"

"மேற்பார்வை துரை அவர்கள்னு எழுதியிருக்கியே, அந்தத் துரை நமக்கு என்ன சொந்தம்னு கேக்குறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன சொந்தம்? ஒரு சொந்தமும் இல்லை. தோட்டத்தை நடத்த எத்தனையோ துரைமார் வந்தார்கள், போனார்கள், ஒருத்தருக்கும் என் முகம் தெரியாது. ஆனால் நான் பிறந்ததிலிருந்து அவர்கள் பதவி என் பெயருக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் அவர் ஒஃபீசுக்குத்தான் போகும், அங்கிருந்துதான் எங்களுக்கு வரும். இதை ரெஜினா அவனுக்கு மொழிபெயர்த்தாள். ஜெயிலில் இருப்பவர்களுக்குத்தான் அப்படிக் கடிதம் வரும் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டான்.

நான்காம் நாள் மருந்து வாங்க டவுனுக்குத் தனியாகப் போனேன். போகும்போது சரி. திரும்பும்போது இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. "இறக்கம்! இறக்கம்!" என்று மாத்தளை பஸ்ஸில் கத்துவது போலக் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அங்கே பட்டனை அமுக்க வேண்டுமாம். இரண்டு ஹோல்ட் தள்ளி இறங்கி, சுற்றிலும் கரும்பு நிற்க, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தேன்.

ரோட்டோரத்தில் ஒருத்தி மோட்டார்சைக்கிள் பெட்டியில் வைத்துத் தால் பூரி விற்றுக்கொண்டிருந்தாள். பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, இரண்டை ஜோடியாக அடுக்கி, அவரைக்காய்க் கறி தடவிச் சுருட்டித் தருவாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ருசி. எங்கள் ஊர் மிளகாய்க் கட்டச்சம்பல் மட்டும் இருந்திருந்தால் இன்னும் நாலு தின்றிருப்பேன். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. ஆஸ்பத்திரிக் கடிதத்தின் உறையை நீட்டினேன். நம்பரைப் படித்தாள், சந்தின் பெயரைப் படித்தாள், கையால் வலது, இடது, இடது என்று காட்டினாள். கால் மணித்தியாலத்தில் வீட்டு வாசலில் நின்றேன். வழியில் வேறு யாரிடமும் கேட்கவே இல்லை.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு ஆளை வரச் சொன்னால் எப்படிச் சொல்வோம் தெரியுமா? மாதா கோயில்கிட்ட இறங்கி, பலாமரத்தடியில் ராயப்பன் லயம் எதுவென்று கேள் என்போம். பலாமரத்தை வெட்டிவிட்டால் நாங்கள் இல்லை.

மொரிசியஸ் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெஜினா மெதுவாக நடந்து, தான் முன்பு தங்கியிருந்த ஃபெக்டரி ஹொஸ்டலைக் காட்டினாள். இப்போது அங்கே வேறு நாட்டுப் பிள்ளைகள். ஒரு அறையில் மாடிக்கட்டில் மாடிக்கட்டிலாகப் போட்டு அடைத்திருக்கிறார்கள், கழுவின துணி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கக்கூசுக்கு வரிசை. "அங்க இடிச்ச லயத்த இங்க கொண்டாந்து கட்டியிருக்கானுங்க" என்றேன். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஊரும் தன் பிள்ளைக்குத்தான் நல்ல ஊர், அடுத்தவன் பிள்ளைக்கு இல்லை. அதிலும் எனக்குக் கோபம்தான்.

கோயிலுக்குப் போனபோது எல்லாரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சுவரில் தமிழில் எழுதியிருந்ததை நான் வாசிக்க வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும். வாசித்தேன். குமரேனின் மாமன் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பாஷை இருக்கிறது, குடுத்து வைத்தவர்கள்" என்று சொன்னதாக ரெஜினா சொன்னாள். பாஷை இருக்கிறது ஐயா, அதில் எழுதின கடிதம்தான் வந்து சேராது என்று சொல்ல வாய் வரை வந்தது. பெரிய மனுசர், விட்டுவிட்டேன்.

தினம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் டிலானிக்குப் போன் பண்ணுவேன். இரண்டாவது வாரம் அவள் குரல் மாறிவிட்டது.

"சமரிக்கு வந்துருச்சும்மா."

"உனக்கு?"

"இன்னும் இல்ல. போன் பண்ணிக் கேட்டேன். எல்லாருக்கும் அனுப்பிட்டாங்களாம். வரலன்னா தெரிவாகலன்னு அர்த்தமாம்."

"ராயப்பன் மாமாவ ஒஃபீஸ்ல கேக்கச் சொல்லு."

"ரெண்டு தரம் கேட்டாரும்மா. இல்லன்னுட்டாங்க."

புள்ளி கூட எடுத்தவளுக்கு வரவில்லை, குறைய எடுத்தவளுக்கு வந்திருக்கிறது. நான் யாரை எல்லாமோ திட்டினேன். தமிழ்ப் பிள்ளை என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று ரெஜினாவிடம் கத்தினேன். மூன்றாவது வாரம் டிலானி மாத்தளையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, லொறி ஓட்டுகிற என் புருஷன்தான் தம்புள்ளையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் சொன்னார். அன்று ரெஜினா சமைத்த மீன்குழம்பை நான் தொடவில்லை.

நான்கு வாரம் கழித்து வீடு வந்தேன். டிலானி கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, பெட்டியிலிருந்த சொக்கலேட்டைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"கார்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"என்ன கார்டு?"

"கடல் படம் போட்ட கார்டுடி. போன ரெண்டாம் நாளே போட்டேனே."

"ஒண்ணும் வரலயேம்மா. எந்த விலாசத்துக்குப் போட்டீங்க?"

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். மகள் என்னோடு இருப்பது அலுவிகாரையில், சமரி வீட்டு விலாசத்துக்குப் போட்டிருந்தால் போதும். நான் எழுதியது தோட்டத்து விலாசம், மேற்பார்வை துரை அவர்கள்! எழுதச் சொன்னால் கை தானாக அதைத்தான் எழுதுகிறது. குமரேன் கேட்டபோதும் உறைக்கவில்லை. என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

மறுநாள் காலையில் டிலானிக்குக் கடையில் லீவு சொல்ல வைத்து, இரண்டு பேரும் கிளம்பினோம். கார்டு முக்கியமில்லை, ராயப்பனுக்கு ரெஜினா கொடுத்த சாமான்களையும் கொடுக்கலாம் என்றுதான். மாத்தளையில் யட்டவத்தை பஸ் பிடித்தோம். பாதி வழியில் டயர் போனது. டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கியைத் தேடிய நேரத்தில் ரோட்டோரக் கடையில் பிளேன்டி குடித்தோம். சந்தியில் இறங்கினால் மேலே பஸ் கிடையாது. தோட்டத்து ரோட்டுக்குப் போன வருடம் தார் போட்டிருக்கிறார்கள், பளபளவென்று. சந்தோஷமாக நடந்தேன். துரை பங்களாக் கேட்டோடு தார் முடிந்துவிட்டது. அதற்கு மேலே பழைய கல்லும் குழியும்தான். லயத்து ஆட்கள் பிரசவத்துக்குப் போகிற ரோடு அது. ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்புகளும் அதே குழியில் குலுங்கித்தான் ஏறியிருக்கும், ஞாபகம் இருந்திருக்காது.

ஒஃபீசுக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி தாண்டிவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்கள் பால் வாளிகளோடு இறங்கி வந்து, ஒஃபீசுக்கு முன்னாலுள்ள கொட்டகையில் நிறுக்க வரிசையாக நின்றார்கள். ராயப்பனும் நின்றான். நான் நேராகக் கிளாக்கரிடம் போனேன். சின்ன வயதுப் பையன், எங்கள் ஆள்தான், மரியாதையாகப் பேசினான்.

"வெளிநாட்டுக் கார்டா? பேர் என்ன அக்கா?"

சொன்னேன். மேசையில் கிடந்த கடிதங்களைப் புரட்டினான். இல்லை என்றான். அப்புறம் ஏதோ நினைவு வந்தவன் போல, "நீங்க செக்ரோல்ல இருக்கீங்களா?" என்றான்.

"ஏழு வருசமா இல்ல. வேலைய விட்டுட்டேன்."

"அப்ப இதுல பாருங்க." அலுமாரிக்கு மேலேயிருந்து ஒரு கடிதக் கட்டை இறக்கினான். ரப்பர் ஷீட்டில் அறுத்த பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது: போனவர்கள்.

தோட்டத்தில் கடிதம் எப்படிக் கொடுப்பார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி பெயரைக் கூப்பிட்டு, கூடவே கடிதத்தையும் கொடுப்பார். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், பெயர் இருந்தால் கூப்பிடுவார்கள். பெயர் வெட்டியிருந்தால் கூப்பிடமாட்டார்கள். நீ லயத்தில் குடியிருந்தாலும் சரி, அம்மா வீட்டில் இருந்தாலும் சரி, டவுனில் மேசன் வேலைக்குப் போய் அந்திக்குத் திரும்பி வந்தாலும் சரி, நீ போனவன்தான். உன் கடிதம் கட்டுக்குள் போய்விடும். இது எங்களுக்குத் தெரியாது. ராயப்பன் இரண்டு தடவை வந்து கேட்டபோது மேசையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு இல்லை என்றிருக்கிறார்கள்.

"வருசத்துக்கொருக்கா தபால் கந்தோருக்கே திருப்பி அனுப்பிருவோம் அக்கா. விலாசத்தில் ஆள் இல்லைன்னு எழுதி" என்றான் பையன், ஏதோ உதவி செய்கிறவன் போல.

பட்டையை அவிழ்த்தேன். என் கடல் நடுவில் கிடந்தது. மொரிசியஸ் முத்திரை, அழகான தபால் குறி. கடல் தாண்டி ஒழுங்காக வந்த கார்டு, வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் வந்து படுத்துவிட்டது. அதற்கு இரண்டு கடிதம் கீழே, அரசாங்க முத்திரை போட்ட நீள உறை. டிலானி என்னை முந்திக்கொண்டு அதை எடுத்தாள். கிழித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னடி?"

"நேர்முகத் தேர்வும்மா." தேதியில் விரலை வைத்தாள். "போன திங்களுக்கு முந்தின திங்கள்."

ஒன்பது நாள் தாண்டிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை என் மகள் புடவைக் கடையில் புடவை மடித்துக்கொண்டு நின்றாள். தெரிவாகவில்லை என்று நம்பிக்கொண்டு மடித்தாள்.

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பையன் ஏதோ சொன்னான். நான் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ஒஃபீஸ் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். கீழே வாளிகளோடு அத்தனை பேரும் நின்றார்கள். தொண்டை கிழியப் பெரட்டு எடுத்தேன்.

"செபமாலை!"

வரிசை திரும்பிப் பார்த்தது. "செபமாலை இருக்காரா இல்ல போயிட்டாரா?"

"இருக்கேன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மகனைப் பார்க்க வந்திருந்த கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கண் ஆஸ்பத்திரிக் கடிதம். கண்ணில் பூ எடுக்கக் கொடுத்த தேதி போய் இரண்டு மாதம்.

"சிவனம்மா!"

"இருக்கேன் புள்ள, இந்தா." ஒஃபீசுக்கு நேர் கீழ் லயம். இந்தக் கிளாக்கருக்குத் தினம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பது அவள் மருமகள்தான். அவள் போனவளாம்!

"அக்கா, இது சரியில்ல. துரைக்குச் சொல்லணும்" என்று பையன் கையைப் பிசைந்தான்.

"சொல்லுங்க தம்பி, நல்லா சொல்லுங்க. எங்க எல்லாரு விலாசத்துலயும் அவரு பேருதானே இருக்கு. அவருக்கே தெரியட்டும்."

கட்டு முடியும் வரைக்கும் கூப்பிட்டேன். இல்லாதவர்களுடையதைச் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிட்டதாம், அதற்குச் சிலர் சிரித்தார்கள். ராயப்பன் சிரிக்கவில்லை. பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, டிலானி முன்னால் வந்து நின்று, "மாமாவ மன்னிச்சுரு தாயி, நான் கட்டக் கேக்கலயே" என்றான். அவன் என்ன செய்வான் பாவம். அலுமாரிக்கு மேலே அப்படி ஒரு கட்டு இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் கொழும்புக்கு, அந்தக் கடிதத்தை அனுப்பிய ஒஃபீசுக்கே, போனோம். ஒஃபீசர் அம்மா நல்ல மாதிரி, கண்ணாடி போட்டவர், சிங்களத்தில்தான் பேசினார். டிலானி என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள், அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஒஃபீசர் உறையின் தபால் குறியைப் பார்த்தார்.

"நீங்க இருக்கிற இடத்துக்குத்தானே அனுப்பினோம்?" என்றார். "வீட்டுக்கு வந்த கடிதத்தை ஒரு மாசமா பார்க்கலயா?"

டிலானி மறுபடி சொன்னாள். லயம், ஒஃபீஸ், பெரட்டு, கட்டு. அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை, உண்மையிலேயே விளங்கவில்லை. இந்த நாட்டில்தான் பிறந்து வளர்ந்தவர், எங்களுக்கு எப்படிக் கடிதம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. குமரேனுக்கு விளக்கினது இதைவிடச் சுலபமாக இருந்தது.

கடைசியில், மேன்முறையீடு எழுதிக் கொடுங்கள், சபை பார்த்து முடிவு சொல்லும் என்றார். முடிவைத் தபாலில்தான் அனுப்புவார்களாம், அடையாள அட்டையிலுள்ள விலாசத்துக்கு. அதுதான் விதி.

"ஐயோ மிஸ், மறுபடி அந்தக் கட்டுக்கா?" என்று நான் எழுந்தே விட்டேன். "போன்ல சொல்லக்கூடாதா?"

"போன்ல சொல்ற வழக்கம் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா சொந்த விலாசம் எழுதின உறை ஒண்ணு குடுங்க. ஒரு பிரதி அதுல போடுறேன்."

"சமரி வீட்டு விலாசத்த எழுதுடி" என்றேன்.

டிலானி உறையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள். "தினமும் அவங்க வாசல்ல போய் நின்னு வந்துச்சா வந்துச்சான்னு கேக்க மாட்டேம்மா. நம்ம வீட்டுக்கே வரட்டும்."

"நமக்கு எங்கடி வீடு?"

 குனிந்து எழுதத் தொடங்கினாள். எதிர்த்தே பேசாத பிள்ளை, அன்றுதான் என் பேச்சை மறுத்தது. நான் எட்டிப் பார்த்தேன். நம்பர், புளியமரச் சந்து, ஊர், மொரிசியஸ். பெயருக்குக் கீழே எந்தத் துரையும் இல்லை.

ஒஃபீசர் வாங்கிப் பார்த்தார். "இது வெளிநாடு இல்லயா மகள்?"

"ஆமா மிஸ். என் சித்தி வீடு. எங்க குடும்பத்துல நம்பர் உள்ள வீடு அது ஒண்ணுதான்."

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப முத்திரை கூடுதலா ஒட்டணும்" என்று மெல்லச் சொன்னார். எதிர்ப் பக்கத் தபால் கந்தோரில் வாங்கி வந்து ஒட்டிக் கொடுத்தோம். எங்கள் கண் முன்னாலேயே இரண்டு விலாசத்தையும் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இரண்டையும் ஒரே நாளில் அனுப்புவேன் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் டிலானியைத் திட்டினேன், பைத்தியக்காரி, கொழும்பிலிருந்து அலுவிகாரைக்கு வர வேண்டிய கடிதத்தை மொரிசியஸுக்கு அனுப்புகிறாயே என்று. அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கொழும்பு போய் வந்த ஏழாவது வாரம், ஒரு காலை, நான் கழுத்துப் பட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது ரெஜினா கூப்பிட்டாள். பின்னால் நாய் குரைத்தது, மோட்டார்சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

"அக்கா, இப்பத்தான் மணி அடிச்சுக் கையில குடுத்துட்டுப் போறாரு. டிலானி பேருல. பிரிக்கட்டா?"

"பிரிடி, பிரிடி!"

கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், புதுத் தேதி கொடுத்திருக்கிறார்கள், பதினெட்டு நாள் இருக்கிறது. நான் கத்தரிக்கோலோடு பஸ் ஏறிக் கடைக்கு ஓடினேன். புடவை அடுக்குக்குப் பின்னால் நின்ற டிலானி, என் முகத்தைப் பார்த்ததும், கையிலிருந்த புடவையை மடிக்காமலேயே வைத்துவிட்டாள்.

அந்தத் தேதிக்குப் போனாள், தெரிவானாள், இப்போது பயிற்சியில் மூன்றாம் மாதம். அன்று ஒரே நாளில் அனுப்பிய இரண்டு கடிதங்களில் மொரிசியஸ் போனது இப்படி வந்து சேர்ந்தது. மற்றது, தோட்டத்து விலாசத்துக்குப் போனது. ராயப்பன் சனிக்கிழமைதோறும் ஒஃபீசில் போய்க் கேட்கிறான், கட்டையும் இறக்கச் சொல்லிப் பார்க்கிறான். அது இன்னும் வரவில்லை.